வெள்ளிக் கிண்ணத்தில் பால்

நவம்பர் 12

நிலக்கரி தீரப்போகிறது. கையில் இருக்கும் நிதியும்தான். புது நிதி தருவதற்கு முன் வீட்டைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து மார்கிட் அம்மையார் வருகிறார். அவருக்குப் பிடிக்காவிட்டால், புருஷன் அடிக்குத் தப்பி இங்கே ஒளிந்திருக்கும் பெண்களை உலான்பாத்தர் குளிரில் எங்கே அனுப்புவேன்? தெருவுக்கு நாங்கள் தையல் வகுப்பு. வாசல் பலகையும் அப்படித்தான் சொல்கிறது.

விண்ணப்பம் எழுதும் போலோர் இன்று குத்திக் காட்டினாள்: "போன தடவ ஏன் கெடைக்கல தெரியுமாக்கா? நம்ம அறிக்கையில ஒரு மூஞ்சி கெடையாது. வெறும் எண்ணு. எண்ணப் பாத்து யாரு அழுவாங்க?"

எரிச்சலாக வந்தது. ஆனால் பொய் சொல்லவில்லையே அவள்.

நவம்பர் 18

விருந்தாளிக்குப் பால் கொடுக்கக் கண்ணாடிக் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சொலொங்கோ பிடுங்கி வைத்துவிட்டாள்.

"இதுலயா குடுப்பீங்க? மானம் போயிடும்க்கா."

உள்ளே போய் ஒரு வெள்ளிக் கிண்ணம் கொண்டுவந்தாள். அடிவாங்கி ஓடிவந்த அன்று மேலங்கிக்குள் மறைத்து எடுத்து வந்தாளாம். "எங்கம்மா எனக்குக் குடுத்தது. விளிம்புல குதிரை இருக்கு பாருங்க. அவன் விக்கப் பாத்தான், விடல."

நவம்பர் 20

நீலப் பட்டுத்துணியைக் கைகளில் விரித்து, அதன்மேல் கிண்ணத்தை ஏந்தி, சொலொங்கோ பால் கொடுத்தாள். அம்மையாருக்குக் கண் கலங்கியது. படம் எடுக்கலாமா என்றார். முகத்தை அழித்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். சொலொங்கோவும் சரி என்றாள்.

வெளிச்சம் போதாது, ஜன்னலோரம் நில் என்று சொன்னது நான்.

நவம்பர் 29

படத்தை அம்மையாருடைய அமைப்பின் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். முகம் இருந்த இடத்தில் வெறும் புகை. எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம்.

"மூஞ்சி இல்லாம நான் அழகாத்தான் இருக்கேன்," என்றாள் சொலொங்கோ. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

டிசம்பர் 4

போய்விட்டாள். நேற்று தண்ணீர் எடுக்க அவள் முறை. குடத்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, தெருவுக்கே தண்ணீர் விற்கும் கொட்டகைக்குப் போனாள். அவள் புருஷன் லாரிக்குள் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறான். வரிசையில் நின்ற எல்லார் முன்னாலும் — கத்தி. ஆஸ்பத்திரி வாசலைக்கூட அவள் பார்க்கவில்லை.

பிடிபட்டதும் அவன் சொன்னதைப் போலீஸ்காரர் அப்படியே சொன்னார். "எங்க மாமியா கிண்ணம் எனக்குத் தெரியாதா? படத்துல ஜன்னலுக்கு வெளிய தண்ணிக் கொட்டகையோட நம்பர் தெரிஞ்சுது. வந்தேன்." சிரித்துக்கொண்டே சொன்னானாம்.

முகத்தை அழிச்சாங்களே. நம்பர அழிக்கணும்னு எனக்கு ஏன் தோணல? தினமும் அந்தக் கொட்டகைக்குத்தானே போறேன். இந்த ஊர்ல வழி கேட்டா கொட்டகை நம்பரத்தானே எல்லாரும் சொல்றோம். ஐயோ, ஜன்னலோரம் நில்லுன்னு சொன்னேனே—

டிசம்பர் 7

வீட்டில் வாங்கி வைத்த பாலை யாரும் தொடவில்லை. திரிந்துபோயிற்று.

டிசம்பர் 19

நிதி கிடைத்துவிட்டது. அந்தப் படம்தான் குழுவின் மனதைத் தொட்டதாம்.

நடந்ததை மார்கிட் அம்மையாருக்கு எழுத உட்கார்ந்தேன். போலோர் கதவைச் சாத்தினாள்.

"எழுதுங்க. பாதுகாப்பு இல்லாத வீடுன்னு பணத்த நிறுத்துவாங்க. மத்தவங்களக் கூட்டிக்கிட்டு எந்தத் தெருவுல நிக்கப் போறீங்க?"

"அவ செத்துட்டாடி."

"தெரியும். மத்தவங்க இன்னும் சாகல."

அவளை அறையலாம் போலிருந்தது. எழுதவில்லை.

ஜனவரி 15

வந்த பணத்தில் முதல் வேலையாக வீடு மாற்றினோம். ஜன்னல்களுக்குத் தடித்த திரை. சொலொங்கோவின் சாமான்களைக் கேட்டு யாரும் வரவில்லை.

பிப்ரவரி 10

வெள்ளை மாதப் புத்தாண்டுப் பண்டிகைக்கு மார்கிட் அம்மையார் தன் மேலதிகாரியோடு வருகிறார். அதே பெண் அதே கிண்ணத்தில் பால் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று எழுதியிருக்கிறார். கிண்ணம் இருக்கிறது, அவள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்று பதில் போட்டேன்.

உடனே பதில் வந்தது. மிகவும் மகிழ்ச்சியாம். இப்படி ஒரு கதைக்காகத்தான் இந்த வேலையே செய்கிறாராம்.

கிண்ணத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வைத்தேன்.