மெட்ரோக் கதவைப் பிடித்தபடி நீங்கள்

அப்பா,

இந்தக் குளிருக்கு இன்று காலைதான் முதல் தடவையாக ஹீட்டரைப் போட்டேன். கோடை முழுக்க அதில் படிந்த தூசி கருகி வீடெல்லாம் மணக்கிறது. நேற்று வரைக்கும் ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. இப்போது வெளியே காற்று மேப்பிள் மரத்தைப் பிடித்து உலுப்புகிறது. தேத்தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டு, குடிக்காமல் ஜன்னலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். இப்படி ஒரு நாளில்தான் நீங்கள் காணாமல் போனீர்கள்.

அம்மா போன பிறகு உங்களை இங்கே கூப்பிட்டேன். இந்தப் பனி நாட்டில், வில்லரேயில் இருக்கும் எங்கள் மாடி வீட்டுக்கு வந்த நாள் முதல் உங்களுக்கு ஒரே கதைதான். "என்னை மன்னாருக்கே அனுப்பிவிடு பிள்ளை. இஞ்ச என்னால ஆருக்கு என்ன பிரயோசனம்?" நான் ஒவ்வொரு முறையும், "பேந்து பாப்பம் அப்பா" என்று சொல்லித் தப்பிவிடுவேன்.

அன்று காலையில் நல்ல வெயில். மத்தியானத்துக்குப் பிறகு வானம் இருண்டு, காற்று திடீரென்று வடக்கிலிருந்து வந்தது. நான் வேலை செய்யும் பகல்நேரச் சிறுவர் காப்பகத்தில், முற்றத்தில் விளையாடிய பிள்ளைகளை அவசரமாக உள்ளே கூட்டி வந்தோம். வீட்டுக்கு ஃபோன் எடுத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. வேலையில் சொல்லிவிட்டு ஓடி வந்து பார்த்தால் வீடு பூட்டியிருந்தது. உங்கள் ஜாக்கெட் உள்ளே கொழுவியபடி இருந்தது. அரைக்கைச் சட்டையோடு நடக்கப் போயிருக்கிறீர்கள்.

ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். தெருவெல்லாம் குப்பைப் பெட்டிகள் உருண்டன. கோவிலில் நீங்கள் இல்லை. பூங்காவில் இல்லை. மூலைக் கடைக்காரர் காணவில்லை என்றார். சீனி வருத்தம் உள்ள நீங்கள், இரத்தத்தில் சீனி இறங்கி எங்காவது மயங்கி விழுந்திருப்பீர்களோ என்று நினைத்து நடையைக் கூட்டினேன். ஒரு சந்தில் பெரிய மரக்கொப்பொன்று முறிந்து கிடந்தது. ஆட்கள் சுற்றி நின்று சாதாரணமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் கீழே யாரும் இல்லையென்று தெரிந்தும் நான் இலைகளை விலக்கிக் குனிந்து பார்த்தேன்.

பிறகுதான் மெட்ரோ வாசலில் உங்களைக் கண்டேன். அந்தப் பாரமான கதவைக் காற்று எதிர்ப்பக்கமாகத் தள்ள, நீங்கள் தோளைக் கொடுத்துத் திறந்து பிடித்திருந்தீர்கள். தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண் நுழைந்து "மெர்சி" என்று நன்றி சொன்னாள். மன்னாரில் கோவில் வாசலில் நின்று, பூசை முடிந்து போகிறவர்களைப் பார்த்துத் தலையாட்டுவதுபோல நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

"அப்பா, எங்கயெல்லாம் தேடினன். வாங்கோ போவம்."

"பொறு பிள்ளை. அங்க ஒரு மனுசி வருது."

அந்த மனுசியும் உள்ளே போனார். "குளிருக்குத்தான் உள்ள வந்தனான். பாத்தா, சனம் கதவோட மல்லுக்கட்டுது. எப்பிடி விட்டிட்டு வாறது?" என்றீர்கள்.

ஏச வேண்டுமென்று வந்தவள் ஜாக்கெட்டை விரித்துப் பிடித்தேன். உங்கள் கைகள் விறைத்துப்போய் ஜாக்கெட்டுக்குள் நுழைய மறுத்தன. ஒவ்வொரு விரலாக உரஞ்சிச் சூடாக்கினேன். வீட்டுக்கு நடக்கையில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள்:

"நாளைக்கும் இப்பிடிக் காத்தடிக்குமோ?"

"ஓம் எண்டுதான் சொல்லினம்."

"அப்ப சரி."

அதற்குப் பிறகு மன்னார்க் கதையை நீங்கள் எடுக்கவில்லை. காற்று நாட்களில் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நீங்களாகவே மெட்ரோ வாசலுக்குப் புறப்பட்டுவிடுவீர்கள். போன வசந்தத்தில், பனி கரைந்து முடிகிற நேரம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்தபடியே போனீர்கள். உடலை ஊருக்குக் கொண்டுபோவதா என்று அண்ணை கேட்டார். "இஞ்சயே இருக்கட்டும்" என்றேன்.

காற்று எழும்பினால் என்னால் இன்னமும் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை அப்பா. வேலையிலென்றால் பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப எண்ணுகிறேன். வீட்டிலென்றால், பால் வாங்கப் போகிறேனென்று இவரிடம் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். தெருவில் வயதானவர் யாராவது தனியாக வந்தால், கொஞ்சம் பின்னால் நடக்கிறேன். அவர் தன் வீட்டுப் படியேறி, திறப்பை எடுத்துக் கதவைத் திறந்து, உள்ளே போகும்வரைக்கும் நிற்கிறேன். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் உள்ளே போன பிறகுதான் என் கால்கள் வீட்டுப் பக்கம் திரும்புகின்றன.