காலிப் பொட்டணம்

திங்கட்கிழமை காலையில் ஒரு பழைய புரோகிராமைப் புதுப்பிக்க உட்கார்ந்தேன். ஆறு வருஷமாக யாரும் தொடாத ஃபைல். பாதிக்கு மேல் போனபோது ஆங்கில வரிகளுக்கு நடுவே தமிழில் ஒன்று: "பொட்டணம் காலியா இருக்கலாம். பிரிக்காதே." நீ எழுதியது. இப்படிப்பட்ட குறிப்பைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. பின்னால் வருகிற ஆள் படிப்பதற்காக எழுதுவது. வந்த ஆளோ நான். டீ ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புரோகிராமில் எண்ணைச் சுற்றிவைக்கிற உறையை ஊரெல்லாம் ரேப்பர் என்னும், நீ மட்டும்தான் பொட்டணம் என்பாய். கல்லூரியில் பரீட்சைத் தாளிலேயே அப்படி எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவள் நீ. புதுக்கோட்டையில் ஜவுளிக்கடை மாடியில் இருந்த ஆபீஸில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் நீதான். நான் ஆவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். நீ ஹாஸ்டலில் தங்கி, வாரக் கடைசியில் ஜெகதாப்பட்டினம் போய் வருவாய். திங்கட்கிழமை உன் டிபன் பாக்ஸைத் திறந்தால் மாடி முழுக்கக் கருவாடு மணக்கும். முதலாளி மூக்கைப் பொத்துவார், நாம் தின்போம்.

உங்கள் ஊர் விசைப்படகுகளுக்காக அந்தப் புரோகிராமைச் செய்தோம். கடலுக்குப் போனவர் எத்தனை பேர், திரும்பியவர் எத்தனை பேர் என்று பதிந்ததை எக்ஸ்எம்எல் என்கிற வரிவரியான குறிப்பாக மாற்றி அனுப்புவோம். கரையில் வைத்திருந்த திரையில் அது தெரியும். திரும்பும் நேரம் தாண்டிய படகுகள் மட்டும் அதில் வரும்.

திரும்பியவர் எண்ணை வெறும் எண்ணாக வைக்காதே, பொட்டணத்துக்குள் வை என்று சொன்னாய். வெறும் எண்ணுக்குக் காலியாக இருக்கத் தெரியாது. எதுவும் போடாவிட்டால் பூஜ்யம் என்று நிற்கும். பொட்டணம் காலியாக இருந்தால் எக்ஸ்எம்எல்லில் அந்த வரியே போகாது, திரையிலும் அந்த இடம் வெறுமையாக இருக்கும். காலியானதைப் பிரித்தால்தான் புரோகிராம் நின்றுவிடும். "பூஜ்யம் வேறடி, தெரியலைங்கிறது வேற" என்றாய். எண்ணுக்கு எதற்கு மேல்சட்டை என்று நான் கிண்டல் செய்தேன். எழுதவேண்டிய பகுதி என்னுடையது. சோம்பலில் வெறும் எண்ணாகவே விட்டுவிட்டேன்.

புரோகிராம் ஓடத் தொடங்கிய முதல் வாரமே உன் அப்பாவின் படகு வரவில்லை. மற்றதெல்லாம் விடிவதற்குள் கரை சேர்ந்துவிட்டது. காலையில் திரையில் அந்த ஒரு படகுதான்: போனவர் ஐந்து, திரும்பியவர் பூஜ்யம். யாருமே திரும்பவில்லையாம், கம்ப்யூட்டரிலேயே வந்துவிட்டது என்று யாரோ போய் உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் கரையிலேயே மயங்கி விழுந்தார். பெண்கள் கூடி ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். மதியம், இன்ஜின் நின்றுபோன படகை இன்னொரு படகில் கட்டி இழுத்து வந்தார்கள். ஐந்து பேரும் இறங்கினார்கள். உன் அப்பா தன் சாவுக்கு அழுத கூட்டத்துக்கு நடுவே நடந்து வீட்டுக்குப் போனார்.

முதலாளி நம் இருவரையும் கூப்பிட்டு யார் செய்தது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய்: "நான்தான் சார் எழுதுனேன்."

மாடிப்படியில் உன் கையைப் பிடித்து நிறுத்தினேன். "நீ சேந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, ஒன்னைய அனுப்பிருவாரு. எங்க ஆத்தா கோவமெல்லாம் ரெண்டு நாளைக்குத்தான்டி" என்றாய். நான் கையை விட்டுவிட்டேன். அப்பாடா என்றுதான் இருந்தது. அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்தக் கோபம் இரண்டு நாளில் போகவில்லை. பெற்ற அப்பனைச் சாகடித்துக் காட்டியவள் என்று ஊர் பேசியது. நீ வீட்டுக்குப் போனால் சோறு இருக்கும், பேச்சு இருக்காது. "மூடி வச்சிருந்துச்சு, தின்னுட்டு வந்தேன்" என்று சிரிப்பாய். நான் உன்னோடு வந்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். மூன்றாவது மாதம் காய்ச்சல் என்று படுத்தாய். ஒரே வாரம்தான். எழுந்து வரட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று அப்போதும் தள்ளிப்போட்டேன். நீ எழுந்து வரவில்லை.

எந்த வரியை யார் எழுதினார்கள் என்பது ஃபைலோடு பதிந்திருக்கும். திங்கட்கிழமை அதையும் திறந்து பார்த்தேன். தப்பு என் பெயரில் இருந்தது, திருத்தம் உன் பெயரில். முதலாளி ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை போலிருக்கிறது.

மறுநாள் ஜெகதாப்பட்டினம் போனேன். உன் அம்மா வாசலில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மீன்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"ஆஸ்பத்திரியில மொத ரெண்டு நாளு நல்லாத்தான் இருந்தா. ஆத்தா, ஆத்தான்னு கூப்புட்டுக்கிட்டே கெடந்தா. சாதாக் காய்ச்சல்தானேன்னு நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். அன்னைக்கு நீ வந்து சொல்லியிருந்தா நான் பேசியிருப்பேனே, தாயி."

உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் 'சரி, விடுடி' என்று முடித்துவிடுவாய். அவரிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர்ச் செம்பை வாசலில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். பஸ் ஏறியதிலிருந்து அந்தப் 'பேசியிருப்பேனே' என்னோடுதான் இருக்கிறது. மறுபடி வா என்று அவர் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. நான் போவேன்.