கட்டாத மாடியின் பால்கனி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

அனுப்பியது யார் என்று பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. முழுதும் படித்துவிட்டுக் கிழி.

இங்கே எனக்குக் குறை ஒன்றும் இல்லை. மகன் வீட்டில் ஜன்னலோரமாக ஒரு கட்டில் கொடுத்திருக்கிறார்கள். மருமகள் ரொம்ப மரியாதையாக நடத்துகிறாள். அதாவது என்னோடு பேசுவதே இல்லை. உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையை வேளாவேளைக்குப் போடுகிறாயா, இல்லை பழையபடி டாக்டரையே திட்டிக்கொண்டிருக்கிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர் நகர மண்டபத்தில் ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். 'கட்டப்படாத நகரம்' என்று பெயர். பழைய வீட்டுமனை விளம்பரங்கள், மாநகராட்சி தண்டோரா போட்டுவிட்டுக் கைவிட்ட திட்டங்கள் எல்லாவற்றையும் சேர்த்து மாட்டப்போகிறார்கள். அதில் பாதி நான் வரைந்தவை. கட்டடம் எழும்புவதற்கு முன்பே எழும்பிய மாதிரி வரைந்து கொடுப்பதுதானே என் பிழைப்பாக இருந்தது. ஆற்று நடுவே கலையரங்கம், தூண்மேல் ஓடும் ரயில், சுழலும் ஓட்டல் எல்லாம் அவர்களுக்குக் கிடைத்துவிட்டன. கிடைக்காதது ஒன்றுதான். நம் தெருவுக்காக நான் வரைந்த ஐந்து மாடிக் குடியிருப்பு. அப்பா சுவரில் மாட்டியிருந்த அந்தப் படம் உன்னிடம்தான் இருக்கும். அதைக் கொடுத்து உதவுவாயா?

உன் அன்புத் தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

கடிதம் வந்தது. ஏழு வருஷமாக அக்கா இருக்கிறாளா போய்விட்டாளா என்று கேட்க வராத கை, படம் வேண்டும் என்றதும் எழுதிவிட்டது. இருக்கிறேன். மாத்திரையும் போடுகிறேன், டாக்டரையும் திட்டுகிறேன்.

கட்டப்படாத நகரமாம். பெயரைப் பார். ஏதோ கட்டும்போது மழை வந்துவிட்ட மாதிரி. பத்திரிகை ஆபீஸில் விளம்பரப் பகுதிக்குப் பிழை திருத்தியே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் நான். என்னிடமே வந்து இதைச் சொல்கிறாயே! 'ரயில் நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்' என்று போடுவார்கள். எதில் ஏறிப் போனால் என்று போடமாட்டார்கள். 'கடல்காற்று வீசும் மனைகள்' என்று ஒன்று வந்தது. கடலிலிருந்து அந்தக் காற்று கிளம்பி அங்கே வந்துசேர்வதற்குள் களைத்துப் படுத்துவிடும். 'இன்னும் சில மனைகளே உள்ளன' என்கிற வரியை நான் வேலைக்குச் சேர்ந்த மாதமும் படித்தேன், ஓய்வு பெற்ற மாதமும் படித்தேன், அதே மனைகளுக்கு. எழுத்துப்பிழையைத் திருத்தத்தான் எனக்குச் சம்பளம், பொய்யைத் திருத்த இல்லை என்று பேசாமல் இருந்தேன்.

நம் தெருக் கதை உனக்கு மறந்திருக்கும், சொல்கிறேன். ஐந்து மாடி கட்டித் தருகிறோம் என்று அந்தக் கம்பெனி உன் படத்தை வீடு வீடாக எடுத்துக்கொண்டு வந்தது. ஆளுக்கொரு ஃப்ளாட் என்றார்கள். தையற்காரர் மகனே வரைந்திருக்கிறான், பிறகென்ன என்று தெருவே தலையாட்டியது. வீடுகளை இடித்தார்கள். தகரவேலி அடித்தார்கள். அதோடு கம்பி நீட்டிவிட்டார்கள். மண் மட்டும் இன்னும் எங்கள் பெயரில் இருக்கிறது, ஆளுயரக் களையோடு. தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் பக்கத்துத் தெருக்களில் வாடகைக்கு இருக்கிறோம்.

அப்பா உன் படத்தில் ஐந்தாம் மாடிப் பால்கனியில் நிற்கிற மனிதரைக் காட்டி, "இது நான்தானே?" என்று உன்னைக் கேட்டார். நீ ஆமாம் என்றாய். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அந்த ஆளை அளந்தார், பால்கனியை அளந்தார், தன் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டார். அந்த அளவுக்குத் தச்சரிடம் சொல்லி ஒரு சாய்வு நாற்காலி செய்துவைத்தார். வாடகை வீட்டில் ஒருநாள்கூட அதில் உட்காரவில்லை. பால்கனிக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சாக்கால் மூடியே வைத்திருந்தார். மூடியபடியே விட்டுவிட்டுப் போனார். இப்போது அதில் துணி காயப்போடுகிறேன்.

படம் தரமாட்டேன். உனக்கு முதுகுவலி இன்னும் இருக்கிறதா? ஜன்னலோரக் கட்டில் என்கிறாய், குளிர்காற்று படாமல் பார்த்துக்கொள்.

உன் அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டினாலும் பதில் போட்டாயே, அதுவே போதும். அந்தக் குளிர்காற்று வரியை மட்டும் நாலு தடவை படித்தேன்.

படம் இல்லாவிட்டால் போகட்டும். கண்காட்சிக்காரர்களுக்கு என் தொழிலைப் பற்றி ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன், படித்தால் ரசிப்பாய். ஒரு கட்டடத்தைப் பெரிதாகக் காட்ட வேண்டுமானால் கட்டடத்தில் கை வைக்கக் கூடாது. அளவு மாறினால் இன்ஜினியர் பிடித்துக்கொள்வார். அதில் நடமாடுகிற ஆட்களைச் சின்னதாகப் போட வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் போதும். யார் கண்ணுக்கும் தெரியாது. அறை தானாக அகலமாகிவிடும், பால்கனியில் பந்தே விளையாடலாம் போலிருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்தது. கம்பெனிக்காரர்கள் என்னைத் தேடி வந்ததே இதற்காகத்தான்.

திறப்பு விழாவுக்கு நீ அவசியம் போக வேண்டும். செலவை ஏற்றுக்கொண்டிருக்கிற கட்டுமானக் கம்பெனிக்காரர் நல்ல மாதிரி. உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

உன் அன்புத் தம்பி

ஏப்ரல் 25

தம்பிக்கு,

போனேன். சலவைப் புடவை கட்டிக்கொண்டே போனேன், தம்பி வேலையைப் பார்க்கப் போகிறோமே என்று.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல். ஓடாத ரயிலின் கீழே இளம் ஜோடி ஒன்று நின்று படம் பிடித்துக்கொண்டது. ஆற்று நடுவே உன் கலையரங்கம் ஜொலித்தது. அந்த ஆற்றில் இன்றைக்கு எருமைகூட இறங்குவதில்லை. மேயர் வந்து, நம் முன்னோர் எவ்வளவு பெரிய கனவு கண்டார்கள் என்று பேசினார். கனவு கண்டவன் எவனும் பட்டினி கிடக்கவில்லை, நம்பினவன்தான் கிடந்தான். இதை மேயர் காதில் விழும்படி சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

கடைசி அறையில் உன் நல்ல மாதிரிக் கம்பெனிக்காரர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே நம் தெரு மண்ணுக்கு ஒரு புதுப் படம். இப்போது பதினைந்து மாடி. உன் கை என்று எட்ட நின்றே தெரிந்துகொண்டேன். ஒரு பால்கனியில் கண்ணாடி போட்ட பெண் பேப்பர் படிக்கிறாள்.

"மேடம், அது நீங்கதானாமே. உங்க தம்பி சொன்னார். மண்ணைக் கொடுக்கிற ஒப்பந்தத்துல நீங்க கையெழுத்துப் போட்டா தெருவே போட்டுடும்னும் சொன்னார்" என்றார் அவர்.

உண்மையைச் சொல்கிறேன். ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னையும் ஒருத்தன் நினைத்து வரைந்திருக்கிறானே என்று. அப்புறம்தான் உன் ஐந்தில் ஒரு பங்கு ஞாபகம் வந்தது. அப்பா அளந்த பால்கனியும் ஞாபகம் வந்தது. அந்தக் கட்டடம் கட்டி முடித்திருந்தாலும் அந்த நாற்காலி அங்கே நுழைந்திருக்காது, இல்லையா? அவர் டேப்போடு படத்தின்மேல் குனிந்தபோது நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

எல்லாவற்றையும் விடு. கம்பெனியும் வேண்டாம், பதினைந்து மாடியும் வேண்டாம், புறப்பட்டு என் வீட்டுக்கே வா. இரண்டே அறை, சமையல் சுமார். ஒன்றுக்கு மட்டும் பதில் சொல். என்னை எந்த அளவில் போட்டிருக்கிறாய்?

உன் அக்கா

மே 8

அக்கா,

மறைத்தது தப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன். படத்துக்குக் கூலியாக எனக்கும் ஒரு ஃப்ளாட் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மகன் வேறு வீட்டுக்கு மாறப்போகிறான். அங்கே எனக்கு அறை இல்லை என்று அவனும் மருமகளும் சேர்ந்து உட்கார்ந்து சிரித்த முகத்தோடு சொன்னார்கள். உன் மேல் பாரமாக வந்து விழாமல் என் சொந்த வாசலுக்கு வர வேண்டும் என்று நினைத்தேன், இதில் என்ன குற்றம்?

அளவைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அது தொழில் வழக்கம், அதைப் போய் ஏன் பெரிதாக்குகிறாய்? எல்லாரையும் எப்படிப் போட்டேனோ அப்படித்தான் உன்னையும் போட்டேன். அப்பா அளந்தது விளையாட்டு என்று நினைத்தேன்.

என் கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டேன். உன்னுடையதுதான் பாக்கி. மாதக் கடைசிக்குள் போட்டுவிடு.

தம்பி

மே 30

தம்பிக்கு,

கம்பெனிக்காரர் எல்லாரையும் நம் மண்ணுக்கே கூப்பிட்டார். களையை வெட்டி, நாற்காலி போட்டு, உன் படத்தைத் துணிப் பேனராக அடித்துக் கட்டியிருந்தார். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. கடைக்கால் தோண்டும் முன் கொத்தனார் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவாரே, அதுபோல ஒரு ஃப்ளாட்டைத் தரையில் முழு அளவில் போட்டுக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அவருடைய இன்ஜினியரிடம் சொன்னார். கோடு விழ விழச் சிரிப்பு குறைந்தது.

கோடு போட்டு முடித்ததும் உள்ளே போனோம். எதிர்வீட்டு டீச்சர் சமையலறைக்குள் நின்று திரும்பினார், புடவைத் தலைப்பு வரவேற்பறையில் கிடந்தது. மருந்துக்கடைக்காரர் நெட்டை மனிதர், உனக்குத் தெரியும். படுக்கையறையில் நீட்டிப் படுத்தார். பாதம் இரண்டும் சுவருக்கு வெளியே பக்கத்து ஃப்ளாட்டில் நின்றன.

"சார், என் காலுக்குப் பக்கத்து ஃப்ளாட்காரனுக்குத் தனியா வாடகை கொடுக்கணும்" என்றார் படுத்தபடியே. அவ்வளவு நாள் கழித்துத் தெருவே ஒன்றாகச் சிரித்தது. கம்பெனிக்காரர் அது மாதிரிக் கோடுதான், நடைமுறையில் பெரிதாக இருக்கும் என்றார். அப்படியானால் பேனரில் இருக்கிற நாங்களும் பெரிதாகிவிடுவோமா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

நான் கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பிறகு யாரும் போடவில்லை. இதனால் நான் தியாகி ஆகிவிடவில்லை. மருந்துக்கடைக்காரர் மனைவி, கிடைத்ததும் போச்சே என்று என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவள் கோபம் நியாயம்தான். காலை நீட்ட முடியாத வீடென்றாலும் சொந்த வீடு.

கம்பெனிகளை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். காறித் துப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். உன்னை அப்படி முடியவில்லை, அதனால்தான் இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தேன். அப்பா அளந்தது விளையாட்டு இல்லை. உடம்பை அளந்து துணி வெட்டிய மனிதர், அளவில் விளையாடத் தெரியாதவர். மகன் வரைந்த ஆள் என்பதால் அந்த ஆளை முழு ஆள் என்று நம்பினார். அவரைச் சின்னதாக்கி ஊருக்கு விற்றாய். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து என்னையும் அதே மாதிரி விற்க வந்தாய். கேட்டால் தொழில் வழக்கம் என்கிறாய்.

மகன் அறை இல்லை என்றானே, அதைப் படித்து அழுதேன். அழுதது தம்பிக்காக. ஆனால் போன கடிதத்தில் வா என்று எழுதியிருந்தேன், அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ என் வீட்டுக்கு வர வேண்டாம். கடிதமும் வேண்டாம்.

நீ கேட்ட கையெழுத்தை இதற்குக் கீழே போடுகிறேன். என்னிடமிருந்து உனக்கு வருவது இதுதான் கடைசி.

தையற்காரர் மகள்