எதிரணிக் கதிரை

மச்சான்,

புது ஜேர்சியில் இலக்கம் ஒட்டும்போது வருமே ஒரு ரப்பர் மணம், அது இன்று பின்னேரம் ஷார்ஜா ரோலாவில் அந்த அச்சுக்கடைக் கதவைத் திறந்ததுமே மூக்கில் ஏறியது. வெயில் தணிந்து, மனுசர் வெளியில் நின்று மூச்சுவிடக்கூடிய காலம் வந்துவிட்டது என்பதற்கு எனக்கு அந்த மணம்தான் அடையாளம். மற்றவர்கள் அதைக் குளிர்காலம் என்பார்கள். நீயும் நானும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, சீசன் என்றுதான் சொல்வோம்.

எங்கள் மஞ்சள் ஜேர்சிகளை எடுக்கத்தான் போனேன். கடைக்காரர் இரண்டு மூட்டைகளைத் தூக்கி மேசையில் வைத்து, "தோனோ டீம் ரெடி, பாய். கலாஸ்" என்றார், இரண்டு அணியினதும் முடிந்துவிட்டது என்று. உங்கள் கல்லூரியின் ஜேர்சியும் அங்கேதான் அடிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாததா? அந்தக் கடையை உனக்குக் காட்டித் தந்தவனே நான்தானே. மற்ற மூட்டையைத் தொடாமல் வந்திருக்கலாம். தொட்டேன். கருஞ்சிவப்பு. வலது கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, வெள்ளை எழுத்தில் உன் பெயர். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருந்தது, கோல்காப்பாளரின் சட்டையில்கூட.

துக்கம் தொண்டையை அடைத்தது என்று எழுதினால் மரியாதையாக இருக்கும். ஆனால் உனக்கு எழுதும்போது மரியாதை எதற்கு? வயிறு எரிந்தது, மச்சான். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். நீ இருந்தும் என்னை வென்றாய், இப்போது செத்தும் வெல்லப் பார்க்கிறாய் என்றுதான் நினைத்தேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரே தெருவின் இரண்டு முனைகளில் இருந்தன நம் கல்லூரிகள். ஊரில் இருந்த காலத்தில் நாம் ஒருவரை ஒருவர் அறியவில்லை. அறிந்திருந்தால் கல்லெறிந்திருப்போம். ரோலாவில் ஒரே அறையில் மேல்கட்டில் எனக்கும் கீழ்க்கட்டில் உனக்கும் என்று கம்பனி ஒதுக்கித் தந்தபோதுதான் அறிமுகம். வந்த அன்று நீ என் பெட்டியில் ஒட்டியிருந்த கல்லூரிச் சின்னத்தைப் பார்த்தாய். "இவனோடயோ நான் படுக்கவேணும்?" என்று அதே அறையில் இருந்த, தமிழ் தெரியாத நேபாளிப் பையனிடம் முறையிட்டாய். குடும்பங்கள் வந்துசேரும்வரை, ஆண்டுக்கணக்காக, அந்தக் கட்டிலில்தான் நம் சீவியம் போனது. நீ பாணுக்குச் சீனி தூவித் தின்பதும், தூக்கத்தில் உன் தங்கச்சியின் பெயரைச் சொல்லுவதும், முடிவெட்டுகிறவனிடம் மட்டும் பயப்படுவதும் எனக்குத் தெரியும். நீ உன் கல்லூரியின் முதல் பதினொருவரில் ஒருநாளும் இறங்கியதில்லை, இரண்டு சீசன் முழுக்க ஓரத்தில் சப்பாத்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தாய் என்பதும் தெரியும். நான் இறங்கியவன். ஒரு சீசன்தான் என்றாலும் வலது பின்வரிசையில் நின்று ஆடியவன். ஆனாலும் இங்கே எல்லோரும் உன்னைத்தான் பழைய வீரன் என்றார்கள். நீ மறுக்கவுமில்லை, என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய்.

ஷார்ஜாவில் பழைய மாணவர் ஆட்டம் தொடங்கியதும் நாம் இருவரும் மனேஜர்கள் ஆனோம். மைதானத்தின் ஒரே பக்கத்தில், நடுக்கோட்டுக்கு இந்தப் புறம் என் பிளாஸ்டிக் கதிரை, அந்தப் புறம் உன்னுடையது. அந்த ஆட்டம் மாசியில். ஆனால் எனக்கு மாசியைவிட ஐப்பசிதான் பிடிக்கும். பயிற்சி தொடங்கும் மாதம், எல்லாமே நடக்கலாம் என்றிருக்கும் மாதம். முவைலாவில் நாங்கள் பயிற்சி எடுக்கும் இடத்துக்கு நீ காரில் வந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒளிவுமறைவில்லாமல் உளவு பார்ப்பாய். "உங்கட பெடியன் நல்லா ஓடுறான் மச்சான், பந்து இல்லாமல்" என்பாய். பிறகு கரக் டீக்கடையில் நான் என் அணியைப் பற்றி அளப்பேன். நீ கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்துவிட்டுச் சொல்வாய்:

"நீ ஒவ்வொரு வருசமும் ஐப்பசியிலயே கப்பை எடுத்துப்போடுவாய். பாவம், நாங்கள் மாசிவரைக்கும் காத்திருக்கவேணும்."

அது உண்மையாகவே நடந்ததுதான் கொடுமை. ஐப்பசியில் நான் வெல்வேன், மாசியில் நீ வெல்வாய். தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்து சோற்றுக்கோப்பையைத் தள்ளிவைப்பேன். "அவரிட்டப் போய்ப் படியுங்கோவன்" என்பாள் என் மனைவி. அந்தச் சொல்லுக்காகவே உன்மேல் இன்னொரு மடங்கு எரிச்சல் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த மருமகன் விதி. கனடாவுக்குப் போனவர்கள் போக, வயிறு வைத்தவர்கள் வைக்க, பதினொரு பேர் சேராமல் இரண்டு கல்லூரிகளும் திண்டாடியபோது, ரோலாச் சாப்பாட்டுக்கடை மேல்மாடியில் கூட்டம் போட்டோமே. பழைய மாணவரின் மகன்மாரும் ஆடலாம் என்று தீர்மானமானது. நீ பிளேன்ரீயோடு எழும்பினாய். "மகன் இல்லாதவன் என்ன செய்யிறது? மருமகனையும் சேருங்கோ" என்றாய். உன் மகள் அப்போது பின்னல் போட்டுப் பள்ளிக்கூட பஸ் ஏறிக்கொண்டிருந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே முதலில் கை தூக்கியவன் நான். எனக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் இருக்கிறார்களே என்ற தைரியம்! அவர்களோ வளர்ந்ததும், "அது உங்கட ஸ்கூல், டாட். நாட் அவர்ஸ்" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் குந்தினார்கள்.

பிறகு ஒருநாள் நீ என் வீட்டுக்கு வந்து, டீயும் வேண்டாமென்று இருந்தாய். மகள் ஒரு பையனை விரும்புகிறாளாம். "இந்தியாக்காரப் பெடியனாம். கன்னியாகுமரிப் பக்கமாம். ஜெபல் அலியில ஏதோ கிடங்கில வேலையாம். நான் விடமாட்டன்" என்றாய். நான் பெரிய மனிதன்போல, ஒருதரம் பார்த்துவிட்டுப் பேசு என்றேன். நீ அசையவில்லை. என் காரிலேயே உன்னை ஏற்றிக்கொண்டு போனேன். தொழிலாளர் முகாம்களுக்கு அருகே மண்தரையில் அவன் ஆடிக்கொண்டிருந்தான். மூலையிலிருந்து இடக்காலால் ஒன்று அடித்தான், பந்து வளைந்து போய்த் தூரத்துக் கம்பத்தை ஒட்டி உள்ளே விழுந்தது. நீ கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டாய்.

"மச்சான், பெடியன் பரவாயில்லைப் போலக் கிடக்கு."

கடற்கரை ஊர்க்காரன், குழந்தையிலேயே மணலில் பந்தோடு உருண்டவன் என்பது அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. உன் வீட்டுக் கல்யாணத்துக்கு வழிசெய்துவிட்டேன் என்பதும் என் கோலில் நானே ஓட்டை போட்டுவிட்டேன் என்பதும் சேர்ந்தே உறைத்தன. அடுத்த மாசியில், உன் மருமகனாகி, அவன் எங்களுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தான். நீ துள்ளவில்லை, கத்தவில்லை. உன் கதிரையிலிருந்து என் பக்கம் திரும்பி, நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னாய். பாவி.

இந்த வருடம் வெயில் உச்சத்தில் இருந்தபோது நீ போய்விட்டாய். ஊருக்கு உன்னை அனுப்பிய பிறகு இங்கே மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். உன் கல்லூரிக்காரர்கள் கழுத்துப்பட்டி கட்டி வரிசையாக நின்று கல்லூரிக் கீதம் பாடினார்கள். நான் தண்ணீர்ப் போத்தல் அடுக்கிய மேசைக்குப் பக்கத்தில், வந்தவர்களோடு வந்தவனாக நின்றேன். சில மாதங்களுக்கு முன்தான் விசாவில் வந்திறங்கிய பெடியனுக்கும் அந்த வரிசையில் இடம் இருந்தது. அவன் உன்னைக் கண்டதே இரண்டோ மூன்றோ தரம்தான். ஒருவர் மைக்கைப் பிடித்து, உன் பந்து கையாளும் அழகைப் பற்றிப் பேசினார். உனக்குத் த்ரோ ஒழுங்காக எறியத் தெரியாது என்று கத்தவேண்டும்போல இருந்தது. நீ இருந்திருந்தால் இருவரும் வெளியே போய் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

நியாயப்படி இந்த ஐப்பசியில் நான் துள்ளவேண்டும். எங்களுக்குத் தோகாவிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவரின் மகன் கோல்காப்பாளராகக் கிடைத்திருக்கிறான், நின்றபடி கை தூக்கினால் மேல்சட்டத்தைத் தொடும் உயரம். ஊரிலிருந்து புதிதாக இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், கால் இன்னும் சூடு ஆறாதவர்கள். உங்கள் கோல்காப்பாளர் கனடா போய்விட்டார், நடுப்பின்வரிசைக்காரருக்கு முழங்கால் போச்சு. நீயும் இல்லை. நானே பயப்படும் அளவுக்கு நம்பிக்கை வந்திருந்தது. போன கிழமை பயிற்சி முடிந்து சப்பாத்துக் கழற்றும்போது என் சொந்த முன்வரிசைக்காரன் சொல்கிறான், "இந்த முறை அவையள் வெண்டாலும் நல்லாத்தான் இருக்கும் அண்ணை. அந்த மனுசனுக்காக." நான் என்ன சொன்னேன் என்று எழுதமாட்டேன். வீட்டில் மனைவி கேட்டாள், "செத்த மனுசனோடயும் உங்களுக்குப் போட்டியோ?" ஓம் என்றேன்.

ஜேர்சி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், உன் மகளும் மருமகனும் முன்னறையில் இருந்தார்கள். அவன் மடியில் ஒரு பை. அதற்குள் கருஞ்சிவப்புச் சட்டை ஒன்று, என் அளவில், கையில் உன் பெயரோடு.

"மாமா, ஒரு காரியம் கேக்க வந்தோம். மாட்டேன்னு சொல்லக்கூடாது, கேட்டியளா?" என்றான். "எங்க மாமா இருந்த கதிரையில இந்த வருசம் நீங்க இருக்கணும். கமிட்டியில எல்லாருக்கும் சம்மதமாக்கும்."

"அம்மாவும் அதைத்தான் விரும்புறா" என்றாள் உன் மகள். "அப்பாவோட நெடுகவும் இருந்தது நீங்கள்தானே."

மச்சான், அந்தக் கணம் எப்படி இருந்தது என்று உனக்கு மட்டும்தான் சொல்லலாம். மண்டபத்தில் தண்ணீர்ப் போத்தல் மேசையருகே நின்றவனை வரிசையின் நடுவுக்கு அழைக்கிறார்கள். நான் ஆசைப்பட்டது அதுதான். உன் ஆளாக, ஊரறிய, உன் பெயரைக் கையில் போட்டுக்கொண்டு இருக்கலாம். சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் போட்டும் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. கண்ணாடியில் நின்றவனை எனக்கு அடையாளம் தெரிந்தது, உனக்குத் தெரிந்திருக்காது. நீ ஒருநாளும் சினேகிதனை வெல்ல வரவில்லை. மஞ்சள் சட்டைக்காரனைத்தான் வெல்ல வந்தாய். அவனும் எழும்பி உன் பக்கம் வந்துவிட்டால், ஊர் முழுக்க உனக்காக வெல்லும், உன்னிடம் தோற்க ஒருவனும் இருக்கமாட்டான்.

சட்டையைக் கழற்றி மடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.

"மன்னிக்கவேணும் தம்பி. நான் என்ர பக்கத்திலதான் இருப்பன்."

உன் மகளின் முகம் சுருங்கியது. அவளிடம் சொன்னேன், "பிள்ளை, அப்பாவுக்காக விளையாட உங்களிட்ட எத்தனையோ பேர் இருக்கினம். அப்பாவுக்கு எதிரா விளையாட நான் ஒருத்தன்தான் இருக்கிறன்." அவள் உன்னைப்போலவே, பல்லைக் காட்டாமல் சிரித்தாள். மருமகன் எழும்பிக் கைகொடுத்து, "அப்போ மாமா, பாத்துக்கிடுவோம்" என்றான். அவன் கண்ணில் அந்த இடக்கால் தெரிந்தது. அவ்வளவு நேரம் நெகிழ்ந்திருந்த மனம் உடனே எரியத் தொடங்கியது, அதுவும் நல்லதுக்குத்தான்.

அவர்கள் போனபிறகு இதை எழுதுகிறேன். உன் கல்லூரி உன் பெயரை எடுத்துக்கொண்டது. உன் வீட்டார் உன் படத்துக்கு விளக்கேற்றுகிறார்கள். நல்லவன், வல்லவன் என்ற பேச்சையெல்லாம் ஊர் பங்குபோட்டுக்கொண்டது. இந்த எரிச்சலை மட்டும் எவரும் கேட்டு வரவில்லை. ரோலா மேல்கட்டிலில் இருந்து நான் சேர்த்தது, முழுக்க என்னுடையது. உயிரோடு இருக்கிற மனிதன்மேல் வருவதுபோலவே இப்போதும் சுடச்சுட வருகிறது. அது ஆறிப்போகும் நாளை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

நாளைக்குப் பயிற்சி இருக்கிறது. புதுக் கோல்காப்பாளனுக்கு இடக்காலால் வளைத்து அடிக்கும் பந்தைப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கவேண்டும். உன்னைத் தோற்கடிக்கத்தான் போகிறேன், மச்சான்.