டெக்யூப்பிளுக்கு மூன்றாவது சீட்டு

யார்க்
12 ஜனவரி 1931

என் அன்பு மூரியல்,

நீ அனுப்பிய புகைபோட்ட மீன் வந்து சேர்ந்தது. அலுவலகம் முழுக்க நாறியது. ஆனால் வேண்டாம் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. கில்பர்ட்டின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இங்கே அகராதி ஒருவழியாக 'டெ' பக்கம் வந்துவிட்டது. 'டெக்யூப்பிள்' என்ற சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறோம். பொருளில் சிக்கல் இல்லை. பத்து மடங்கு, வினையாக வந்தால் பத்து மடங்காவது, பத்து மடங்காக்குவது. டபிளும் ட்ரிபிளும் மீன்காரி வாயில்கூட வருகிறது. இந்தப் பாவப்பட்ட சொல்லுக்குக் கணக்கு வாத்தியார்களைத் தவிர நாதியில்லை. வினையாக யாராவது எழுதிய வரியைக் குறித்து வைத்த சீட்டு என்று கையில் இருப்பது இரண்டே. மூன்று பேராவது எழுதியிருந்தால்தான் அது உயிருள்ள சொல் என்பது எங்கள் ஆசிரியர் ஸ்ட்ரிக்லண்டின் சட்டம். இல்லாவிட்டால் செத்த சொற்களுக்கு முன்னால் போடும் சிலுவைக் குறியை இதற்கும் போட்டுவிடுவார்.

"உங்க சிநேகிதி கண்டுபிடிச்சாத்தான் உண்டு, மிஸ் பாலிஸ்டர்" என்று அவரே சொன்னார். ஒன்பது வருடமாகக் காலணா வாங்காமல் படித்துச் சீட்டு எழுதி அனுப்புகிறவள் நீ. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்று தேடிக் கொடேன்.

உன் ஹெஸ்டர்

---

டன்ஸ்விக்
15 ஜனவரி 1931

அன்பு ஹெஸ்டர்,

பிடி உன் மூன்றாவது சீட்டை! 'டன்ஸ்விக் வாரச்செய்தி', 1868: "ஒரே வாரத்தில் நம் துறையின் மீன்பாடு டெக்யூப்பிள் ஆயிற்று." ஓரம் கிழிந்திருந்ததால் தேதி தெரியவில்லை. தாளும் ஈரத்தில் ஊறிப்போயிருந்தது. எழுதி எடுத்துக்கொண்டு அடுப்பில் போட்டுவிட்டேன்.

"செத்த சொல்லுக்கு வைத்தியம் பாக்குற, புருஷன் முழங்காலுக்குப் பாக்க மாட்டேங்குற" என்கிறார் கில்பர்ட். ஸ்ட்ரிக்லண்ட் என்ன சொன்னார் என்று ஒரு வரி விடாமல் எழுது.

மூரியல்

---

யார்க்
20 பிப்ரவரி 1931

என் அன்பு மூரியல்,

ஸ்ட்ரிக்லண்ட் உன்னை ஆகா ஓகோ என்றார். அது பழைய கதை. இப்போது எழுதுவது மனசு கேட்காமல்.

எந்தச் சீட்டானாலும் மூலத்தோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் அச்சுக்குப் போகும். அந்த வேலை எங்கள் பாப்ஜாயுடையது. இருபத்திரண்டு வருடமாக அதையே செய்கிற மனுஷர். லீட்ஸ் நூலகத்தில் 1868ஆம் வருட வாரச்செய்தி முழுவதையும் மூன்று முறை படித்துவிட்டு வந்து, "இல்லைங்க" என்றார். ஸ்ட்ரிக்லண்டுக்குக் கோபம் வந்துவிட்டது. போன வருடமும் இரண்டு இடத்தில் பாப்ஜாய் கோட்டைவிட்டிருக்கிறார், அதுவும் சேர்ந்துகொண்டது. "இருக்கறதை இல்லேங்கறீங்க. கண்ணு போயிடுச்சுன்னா வீட்டுக்குப் போங்க" என்று எல்லார் முன்னாலும் கத்தினார்.

என்னைக் கேட்டபோது, மூரியல் சீட்டில் தப்பு வராது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். சொல்லாமல் என்ன செய்வது? மார்ச் ஏழாம் தேதியோடு பாப்ஜாயை அனுப்புகிறார்கள். நேற்று மாடிப்படியில் என்னை நிறுத்தி, "மிஸ், என் கண்ணு மேல எனக்கே நம்பிக்கை விட்டுப்போச்சு. அது எந்தப் பக்கம், எந்தப் பத்தின்னு உங்க சிநேகிதிகிட்ட கேட்டுச் சொல்றீங்களா?" என்றார்.

வருடம் 1868தானா? நன்றாக யோசித்து உடனே எழுது.

உன் ஹெஸ்டர்

---

டன்ஸ்விக்
2 மார்ச் 1931

ஹெஸ்டர்,

பத்து நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். அந்த வரி எந்தப் பக்கத்திலும் இல்லை. நானே எழுதினேன்.

மூன்று நாள் தேடினேன். கண்ணில் படவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் அடுப்பங்கரையில் உட்கார்ந்து, ஒரு பத்திரிகைக்காரன் எப்படி எழுதியிருப்பான் என்று யோசித்து எழுதினேன். சொல்லின் மேல் இரக்கப்பட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய். உன் ஆசிரியர் என்னைப் பற்றிச் சொன்னார் என்று எழுதினாயே, அதை இன்னொரு தடவை கேட்க ஆசைப்பட்டேன். இந்த ஊரில் யாரும் என்னை எதற்கும் கெட்டிக்காரி என்று சொன்னதில்லை.

இப்போது வெட்கத்தில் கூனிக் குறுகிக் கிடக்கிறேன். கில்பர்ட்டிடம்கூடச் சொல்லவில்லை. இல்லாததை இல்லை என்று சொன்ன பாவத்துக்கு ஒருவர் வேலை போகிறது. ஸ்ட்ரிக்லண்டுக்கு நானே எழுதியிருக்க வேண்டும். பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு. ஏழாம் தேதிக்கு முன்னால் காட்டு. என்னைப் பற்றி யோசிக்காதே.

மூரியல்

---

யார்க்
25 மார்ச் 1931

மூரியல்,

உன் கடிதம் மூன்றாம் தேதி காலையில் வந்தது. நான் காட்டவில்லை.

சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவள் நான். என் நாற்காலியும் ஆட்டம் காணும் என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான்கு நாள் ஓட்டினேன். ஏழாம் தேதி அவருக்குத் தேநீரும் கேக்கும் வைத்து விடைகொடுத்தோம். என்னைத்தான் பேசச் சொன்னார்கள். அவருடைய உழைப்பைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசினேன். எல்லாரும் கை தட்டினார்கள். உன் கடிதம் அப்போது என் கைப்பையில் இருந்தது. உன்னை என்ன சொல்லித் திட்டுவேன்? எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

நேற்று வேலையாக லீட்ஸ் போனேன். நூலகத்தில் பாப்ஜாய் உட்கார்ந்திருந்தார். புதுக் கண்ணாடி. அந்த 1868ஆம் வருடத் தொகுதிதான் முன்னால் விரிந்து கிடந்தது. தினமும் சொந்தக் காசில் ரயிலேறி வருகிறாராம். "வேலைக்காக இல்லை மிஸ். எங்கே தவறவிட்டேன்னு தெரிஞ்சா போதும், நிம்மதியா இருப்பேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் கடிதத்தில் இருந்ததை அங்கேயே சொல்லிவிட்டேன்.

"அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். உன்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "ஏதோ ஆசையில செஞ்சுட்டாங்க. பரவாயில்லை, அவங்களே எழுதிட்டாங்கல்ல" என்றார்.

இன்று காலை ஸ்ட்ரிக்லண்டிடம் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். என்ன செய்வாரோ தெரியாது. பாப்ஜாய் இனி கூப்பிட்டாலும் வரமாட்டார்.

நேற்று அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒன்றுதான். "உங்களுக்கு அந்தக் கடிதம் என்னிக்கு வந்தது, மிஸ் பாலிஸ்டர்?"

தேதியைச் சொன்னேன். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஹெஸ்டர்