பெயர் போடாத பானை

1956 நவம்பர் 27, செவ்வாய்

சோறு வாங்கப் போனபோது பொதுக் கொட்டகைச் சுவரில் புதிதாக ஒரு படம் ஒட்டியிருந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு மண்பானை, வாய் வழிய வெள்ளை வெளேரென்று நுரை. அடியில் ஓர் எழுத்துக்கூட இல்லை. மளிகை மடித்த காகிதங்களில் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்கக் கற்றவள் நான். கண்ணில் பட்ட எதையும் படிக்காமல் விட்டதில்லை. இதில் படிக்க ஒன்றும் இல்லை. அதனால்தான் நின்றுவிட்டேன் போலிருக்கிறது.

பின்னால் தூக்குச்சட்டியோடு நின்ற பக்கத்து வீட்டுச் செல்லம்மா, "நவுரு வள்ளி, படத்துலேர்ந்து சோறு வராது" என்றாள். நான் நகர்ந்ததும் அவளும் நின்றாள்.

வீட்டில் அரிசி வைத்திருக்கக் கூடாது என்று இந்த மலாய் நாட்டில் வெள்ளைக்காரன் சட்டம் போட்டு ஐந்து மாதம். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். தோட்டத்து லய வரிசைகளில், முள்கம்பி வேலிக்குள் இருக்கும் நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் சேர்த்துக் கொட்டகையில் ஆக்கிப் போடுகிறார்கள். குழம்பு மட்டும் வீட்டில். என் அடுப்பில் சோறு பொங்கி ஐந்து மாதம் ஆயிற்று என்று அந்தப் படத்தைப் பார்த்த பிறகே எண்ணினேன்.

நவம்பர் 30, வெள்ளி

விளக்கேற்றும்போதும் அந்தப் பானைதான் கண்ணில் நிற்கிறது. முருகா, யார் ஒட்டினது? எதற்கு?

டிசம்பர் 4, செவ்வாய்

நெய்யாம். ஒரு வாரம் காக்க வைத்துவிட்டு இன்று அடியில் பெயர் ஒட்டியிருக்கிறார்கள் — 'பொற்குடம் நெய்'.

ஒலிபெருக்கி கட்டிய மஞ்சள் வேன் வந்தது. வந்தவர் பெயர் தங்கராஜு, ரஹாங் டவுனில் வீடாம். வந்ததும் பேசவில்லை. ஸ்டவ்வைப் பற்றவைத்து, சட்டியில் ஒரு கரண்டி நெய்யைக் காயவிட்டார். வாசம் கடைசி லயம்வரை போயிருக்கும். ஆட்கள் தாமாக வந்தார்கள். அதற்குப் பிறகே மைக்கைத் தொட்டார்.

கடையில் விற்கும் ஒவ்வொரு டின்னிலும் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். காட்டுக்குக் கடத்தினால் கெட்டுப்போகட்டும் என்று. அதையும் அவர் விடவில்லை. "எங்க டின்னுக்குக் காது குத்தியாச்சு, சீர் கொண்டாங்க தாய்மாருங்களா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வாங்கினார்கள். நானும் ஒரு டின் வாங்கினேன். உலை வைக்காத வீட்டுக்கு இது எதற்கு என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 11, செவ்வாய்

தங்கராஜுவிடம் நேரே கேட்டேன். "ஏன் தம்பி, விக்கிறது நெய்யி. வரைஞ்சது பானை. என்ன கணக்கு?"

"நெய்ய யாருக்கா நின்னு பாப்பாங்க? இங்க உள்ளவங்க ஏங்கிக் கெடக்கிறது பொங்குற பானைக்கு. அதக் காட்டுனா நிப்பாங்க."

"பேரு ஏன் போடல?"

"மொத நாளே போட்டா, ஓ நெய்யான்னு போயிருவாங்க. போடாட்டி ஒருத்தர ஒருத்தர் கேப்பாங்க. சம்பளமில்லாம எனக்கு வேலை செய்வாங்க லா."

கோபம் வந்தது. எங்கள் ஏக்கத்தைத் தொட்டுத்தான் விற்றிருக்கிறார். ஆனால் பொய் சொல்லவில்லையே. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன்: நின்றேன், யோசித்தேன், ஆசைப்பட்டேன், வாங்கினேன். இந்த வழியில்தான் என்னை நடத்திக் கொண்டுபோனார்.

டிசம்பர் 16, ஞாயிறு

மார்கழி பிறந்துவிட்டது. பொங்கலுக்கு ஒரு நாள் மட்டும், வீட்டுக்கு ஒரு படி அரிசி, அவரவர் அடுப்பில் பொங்க அனுமதி — தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி விசுவலிங்கம் ஐயாவைக் கொண்டு இங்கிலீஷில் மனு எழுதி ஆபீசில் கொடுத்தாயிற்று. இரண்டு பக்கம். "எழுதியாச்சு பிள்ளை. துரை வாசிப்பாரோ எண்டுதான் தெரியேல்லை" என்றார் அவர்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். ஒரு தை தவறியதில்லை. ஜப்பான்காரன் காலத்தில்கூட மரவள்ளிக்கிழங்கோடு ஒரு பிடி அரிசி போட்டுப் பொங்கினேன்.

டிசம்பர் 28, வெள்ளி

மனு தோட்டத்துத் துரையின் மேசையில் கிடக்கிறதாம். "மேல பதினைஞ்சு கடுதாசி" என்கிறார் கிராணி.

கொட்டகைச் சோற்றையே பானையில் போட்டுச் சூரியனுக்குக் காட்டிவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். பொங்காததைப் பொங்கல் என்று எப்படிப் படைப்பேன்? இரவு சாப்பிடவில்லை.

1957 ஜனவரி 2, புதன்

இன்று குளிக்கும்போது தோன்றியது. நெய்க்காரருக்கு ஆயிரம் பேரை நிறுத்த வேண்டும். எனக்கு ஒருவரை நிறுத்தினால் போதும். துரைக்குப் படிக்க நேரமில்லை. ஆனால் தினம் காலையில் வேலி ஓரமாகக் காரில் மெதுவாகத்தான் போகிறார். கண் சும்மாதானே இருக்கும்?

பொங்கலுக்கென்று எல்லா வீட்டிலும் புதுப்பானை வாங்கியிருக்கிறார்கள். அதை வெளியே வைக்கலாம் என்றேன்.

"வெச்சுட்டு என்ன சொல்லணும்?" என்றாள் செல்லம்மா.

"ஒன்னும் சொல்லக் கூடாது."

"அது எனக்கு முடியாதே."

என் வீட்டுக்காரர்தான் பயந்தார். "கூட்டம் கூடுனா உள்ள போட்டுருவான் வள்ளி."

"நாம எங்க கூடுறோம்? பானைதான நிக்கப்போவுது."

ஜனவரி 4, வெள்ளி

விடிவதற்குள் நாற்பத்திரண்டு பானைகள். வேலி ஓரமாக வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் அடியில் கோலம், கழுத்தில் மஞ்சள் கொத்து. உள்ளே ஒன்றுமில்லை. துரை கார் நிற்கவில்லை. தலை மட்டும் திரும்பியது.

ஜனவரி 5, சனி

இன்று கார் இன்னும் மெதுவாகப் போனது. செல்லம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள்.

ஜனவரி 7, திங்கள்

காலையில் போலீஸ் ஜீப் வந்தது. வெள்ளைக்கார அதிகாரி, கூட ஆறு பேர். ஒவ்வொரு பானையிலும் கையை விட்டுத் தேடினார்கள். ஒரு மலாய்க்காரக் காவலரின் பூட்ஸ் பட்டுச் செல்லம்மாவின் பானை சாய்ந்து வாய் உடைந்தது. அவள் ஒரு சத்தம் போடவில்லை. அவளா அது?

காட்டில் இருப்பவர்களுக்கு இது ஏதோ அடையாளமாம். யார் வைக்கச் சொன்னது, யாருக்கு அடையாளம் என்று கேட்டார் அதிகாரி. கிராணி தமிழில் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். இழுத்தா நின்னுருவேனா? முருகன் பேரைச் சொல்லி முன்னால் போனேன்.

"காட்டுக்கு இல்லீங்க. அடையாளம் உங்களுக்குத்தான். தொர பாக்கணும்னுதான் வெச்சேன்."

கிராணி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அப்படியே இங்கிலீஷில் சொன்னார். அதற்குள் துரையே காரிலிருந்து இறங்கி வந்து ஒரு பானைக்குள் குனிந்து பார்த்தார். அவருடைய தமிழில் கேட்டார்: "பானே காலி. ஏன் காலி?"

அவரே கேட்டுவிட்டார். இனிப் பெயர் போடலாம்.

"பொங்கலுக்குங்க. மனு உங்க மேசையில இருக்குதுங்க" என்றேன்.

துரை கிராணியைப் பார்த்தார். கிராணி தலையாட்டினார். என்னை ஜீப்பில் ஏற்றவில்லை. அது போதும் இன்றைக்கு.

ஜனவரி 10, வியாழன்

அனுமதி வந்துவிட்டது. ஆனால் வீட்டு அடுப்பில் இல்லை. கொட்டகை முன்னால் திடலில், காவலோடு. அரிசியை அவர்களே அளந்து போடுவார்கள். அங்கேயே சாப்பிட வேண்டும், ஒரு பருக்கைகூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அடுப்பைக் கேட்டேன், திடல் கிடைத்தது. சூரியன் அங்கேயும் வரும். "உள்ள போட்டுருவான்" என்று பயந்தவர்தான் முதலில் செங்கல் சுமந்தார்.

ஜனவரி 14, திங்கள். தை 1

பொங்கியது.

சுவா டவுன் கடைகளில் புதுப்பானை தீர்ந்துவிட்டதால் செல்லம்மாவும் நானும் ஒரே பானையில். அவள் அரிசி போட்டாள், நான் பால் ஊற்றினேன். வாய் உடைந்த பானையை விட மனசில்லை. மஞ்சள் கொத்தைச் செருகி வரிசையின் கடைசியில் வைத்தோம். ஒன்றன்பின் ஒன்றாக நுரை ஏறி வழிந்தபோது திடல் முழுக்க ஒரே குரல். நான் சூரியனைப் பார்த்துக் கும்பிட்டேன்.

பானையைச் சாய்த்த காவலருக்கும் ஒரு இலை வைத்தாள் செல்லம்மா. "ஒடச்ச கையால நல்லாத் தின்னு" என்றாள் தமிழில். அவர் "தெரிமா காசே" என்று மலாயில் நன்றி சொல்லிக் கும்பிட்டு வாங்கினார்.

செவ்வாய்தோறும் வரும் தங்கராஜுவும் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார், காது குத்தாத டின் ஒன்றோடு. போலீஸ் முன்னிலையில் திறந்து எல்லாப் பானைக்கும் ஊற்றினார். பிறகு ஒரு துணிப் பதாகையை எடுத்து, "பின்னால கட்டிக்கலாமாக்கா?" என்று கேட்டார்.

"இன்னிக்குச் சூரியனுக்குத் தம்பி. பேரு வேணாம்."

சிரித்துக்கொண்டே மடித்து வைத்துவிட்டார். ஆனால் வரிசை நெடுக நடந்து ஒவ்வொரு பானையையும் நின்று பார்த்தார். எனக்குத் தெரியும் அந்தப் பார்வை.

ஜனவரி 22, செவ்வாய்

கொட்டகைச் சுவரில் புதுப்படம். வரிசையாகப் பொங்கும் பானைகள். கடைசியில் ஒன்று மட்டும் பொங்கவில்லை. வாய் உடைந்து, மஞ்சள் கொத்தோடு நிற்கிறது. செல்லம்மா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அடியில் எழுத்து இல்லை.

"இது என்னாக்கா, யாரு ஒட்டுனது, எதுக்கு?" என்று வரிசையில் நின்றவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் என்னைக் கேட்டார்கள். தெரியும். சொல்லவில்லை. சோற்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.