இறைச்சியில்லாத நத்தார்

1969 மார்கழி 2

சைக்கிளில் புத்தூர்ப் பக்கம் மீன் கொண்டுபோகிறவர் இன்று மத்தியானம் வந்து, வாசல் படலையில் நின்றபடியே அண்ணையின் செய்தியைச் சொல்லிவிட்டுப் போனார். யேசு பிறந்த நத்தாரன்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவானாம். அண்ணைதான், ஆனால் 'வருவார்' என்று எழுத என் பேனை ஒத்துக்கொள்ளாது.

அம்மா! மீன் பிடிக்கிற கனிசியசோடு நான் புத்தூரிலிருந்து குருநகருக்கு ஓடிவந்து நாலு வருஷம். அன்றிலிருந்து அம்மாவின் முகத்தைக் காணவில்லை. என் பிள்ளையை அவர் பார்த்ததே இல்லை.

நிபந்தனை உண்டு. அன்றைக்கு இந்த வீட்டில் மச்சமாமிசம் கூடாது, முட்டை கூடாது. அம்மா பிறவிச் சைவம். அதோடு பேரப்பிள்ளையை நல்லூர்க் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகும்வரை பால், மோர், நெய் தொடுவதில்லை என்று நேர்த்தி வைத்திருக்கிறாராம். ஆகவே அதுவும் கூடாது. சொல்வது யார்? தீபாவளிக்குத் தன் கையால் கிடாய் வெட்டிப் பங்கு போடுகிறவன். அம்மாவுக்காகத்தான் சொல்கிறானா, எங்களைக் குனியவைக்கவா?

மார்கழி 3

கனிசியசிடம் சொன்னேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் இரண்டு விரல் இல்லாத வலக்கையைத் தூக்கிக் காட்டினார். நான் ஓடிவந்த அன்று அண்ணையின் கத்தி எடுத்த விரல்கள். என் இடக்கையையும் அன்றைக்குத்தான் உலக்கையால் அடித்து முறித்தான். மழைக்கு இன்னும் கடுக்கிறது.

"இதை வெட்டினவனுக்கு என்ரை வீட்டிலை விருந்தோ?"

அவனுக்கில்லை, அம்மாவுக்கு என்றேன். வலையில் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

"கொம்மாவுக்கெண்டால் சமை. உவன் கை நீட்டினால் நான் சும்மா இருக்கமாட்டன்."

மார்கழி 9

இறைச்சியில்லாமல் நத்தாருக்கு என்ன வைப்பது? சோறும் மரக்கறியும் வைத்தால் விரதச் சாப்பாடு என்று நக்கலடிப்பான். கனிசியசின் தங்கை றோஸ் ஒரு வழி சொன்னாள். இறைச்சியை றோஸ்ற் பண்ணுவது போலவே பண்ணுவோம், ஆனால் இறைச்சி இல்லாமல். அவித்த வாழைப்பூ, மரவள்ளி, இடித்த கச்சான்கடலை, மிளகு, தேங்காய்ப்பால் எல்லாம் பிசைந்து, பேக்கரியில் பாண் சுடுகிற மாதிரி இரும்பு அச்சில் அமுக்கிச் சுடவேண்டும். மேசை நடுவில் வைக்க, குடைந்து கடலையும் வெங்காயமும் அடைத்துச் சுட்ட முழுப் பூசணிக்காய்.

இன்று சட்டியில் வைத்து, மேலும் கீழும் தணல் போட்டுச் சுட்டுப் பார்த்தோம். வெட்டப் போனால் மண் மாதிரி உதிர்ந்தது. எனக்கு வந்த கோபத்தில் சட்டியைத் தூக்கி எறிந்தேன். கிணற்றுக் கட்டில் பட்டுத் தூளாகியது. பிள்ளை வீரிட்டு அழுதாள். றோஸ் உடைந்த ஓடுகளைப் பொறுக்கினாள். வெட்கமாக இருந்தது.

மார்கழி 15

கச்சான் இடித்தேன். உரலுக்குள் யாருடைய தலை இருந்தது என்று எழுதத் தேவையில்லை.

மார்கழி 19

மரவள்ளியைக் கூட்டிக் கடலை மாவும் சேர்த்தோம். இன்று உதிரவில்லை, துண்டு துண்டாக வெட்ட வந்தது. கனிசியஸ் இரண்டு துண்டு தின்றுவிட்டு, இறைச்சியில்லை என்று சொல்லாமல் தந்திருந்தால் இன்னும் ருசித்திருக்கும் என்றார். இந்த மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தேன்.

வீட்டிலுள்ள கத்திகளை எல்லாம் கட்டி றோஸ் வீட்டில் வைத்துவிட்டேன். அண்ணைக்குப் பயந்தா, கனிசியசுக்குப் பயந்தா? தெரியாது. பாண் வெட்டும் கத்தி மட்டும் இருக்கிறது.

மார்கழி 24

நத்தாருக்கு முதல் நாள் எங்கள் தெருவே தட்டுகளைப் பேக்கரிக்கு அனுப்பும். பாண் சுட்டு முடிந்த போறணை அடுப்பின் சூட்டில் எல்லார் வீட்டு றோஸ்ற்றும் வேகும். பன்றிக்கும் மாட்டுக்கும் பக்கத்தில் எங்களுடையதை வைக்கக்கூடாது என்று பேக்கரிக்காரரோடு சண்டை பிடித்தேன். மனிசன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, மற்றவர்களுடையதற்கு முந்தி எங்களுடையதைச் சுட்டுத் தந்தார்.

வாழைப்பூவை நானே ஆய்ந்தேன். தேங்காய்ப்பாலை நானே பிழிந்தேன். றோஸ் தன் இரும்பு அச்சுகளைக் கொண்டுவந்து அமுக்கிக் கொடுத்தாள். இனி அம்மா வந்தால் போதும்.

மார்கழி 25

வாய்க்குள் கிழிந்திருக்கிறது. எழுதாவிட்டால் விசர் பிடிக்கும்.

அம்மா வந்தா. மெலிஞ்சு போனா. பிள்ளையைத் தூக்கினவ விடவே இல்லை.

அண்ணை கதிரையைச் சால்வையால் துடைத்துவிட்டு இருந்தான். கனிசியசின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு அச்சைக் கவிழ்த்து வெட்டி வைத்தேன். அம்மா பிள்ளையை மடியில் வைத்தபடி விரும்பிச் சாப்பிட்டார். அண்ணையும் சாப்பிட்டான். ஒரு இடமும் பிய்யாமல் எப்படி அச்சிலிருந்து வந்தது என்று, பரிமாறிக்கொண்டிருந்த றோஸை அம்மா கேட்டார். றோஸ் பெருமையோடு சொன்னாள்.

"அச்சுக்குப் பண்டிக்கொழுப்புப் பூசினால் ஒட்டாது, மாமி."

அவள் சூதுவாது தெரியாதவள். எங்கள் தெருவில் பன்றிக்கொழுப்பு இறைச்சிக் கணக்கில் இல்லை. அச்சுக்குப் பூசுகிற எண்ணெய் மாதிரி, காலம் காலமாகப் பூசுவது. நானும் உள்ளே போனதை மட்டும் பார்த்தன். அச்சைப் பார்க்கேல்லை. ஏன் பார்க்கேல்லை?

அண்ணை எழும்பினான். றோஸைத் தொடவில்லை. என் கொண்டையைப் பிடித்து முகத்தை மேசையில் அடித்தான். பிறகும் அடித்தான். பூசணிக்காய் உருண்டு விழுந்து வெடித்தது. கனிசியஸ் பாண் கத்தியை எடுத்ததைக் கண்டேன். நான் கத்தினேனோ என்னவோ. அதற்குள் அம்மா பிள்ளையை இறக்கிவிட்டு, கவிழ்க்காமல் இருந்த மற்ற அச்சை இரண்டு கையாலும் தூக்கி அண்ணையின் தாடையில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. விழுந்து கிடந்தவனுக்கு இன்னொன்று போட்டார்.

"நாலு வருஷத்துக்கு முந்தி நான் இதைச் செய்திருக்க வேணும்."

கனிசியஸ் கத்தியைக் கீழே வைத்தார். அவரும் பக்கத்து வீட்டாரும்தான் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா கூடப் போகவில்லை. மேசையில் கிடந்த என் ரத்தத்தைத் துடைத்தார். பிறகு இருந்து, தன் தட்டில் மிச்சமிருந்த துண்டைத் தின்றார். தெரிஞ்சுதான் தின்றா.

எனக்குச் சந்தோஷம். அவனுக்கு அடி விழுந்த சந்தோஷம். கடவுளே, இவ்வளவு சந்தோஷமா?

மார்கழி 28

பொலிஸ் வந்தது. யார் அடித்தது என்று கேட்டார்கள். "நான் பெத்தவன், நான்தான் அடிச்சனான்" என்றார் அம்மா. அண்ணை முறைப்பாடு கொடுக்கவில்லையாம். போய்விட்டார்கள். புத்தூருக்குத் திரும்பப் போவதில்லை என்று அம்மா சொல்லிவிட்டார்.

1970 தை 6

அவனுடைய தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்களாம். மெல்ல முடியாதாம். நல்லது.

தை 21

அண்ணை வந்தான். கனிசியஸ் கடலுக்குப் போயிருந்தார். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு படலைக்குப் போனேன். கன்னம் ஒட்டிப்போய், வேட்டி அழுக்காக நின்றான். அவனுடைய அடி தாங்காமல் அண்ணி போன வருஷமே தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். சமைத்துக் கொடுக்க இப்போது அம்மாவும் இல்லை.

"பசிக்குது" என்றான், பல்லிடுக்கால்.

அம்மா உள்ளேதான் இருந்தார். கேட்டிருக்கும். எழும்பி வரவில்லை.

அடுப்பில் கூழ் கொதித்தது. நண்டும் றாலும் மீன்தலையும் போட்ட கூழ். இந்தத் தெருவில் இனிப் பச்சைத் தண்ணியும் குடியேன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவனுக்கு வேறொன்றும் சமைக்க நான் ஆயத்தமில்லை. வடித்துக் கோப்பையில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "மீன் போட்டது" என்றேன். "ஓம்" என்றான். படலையடியில் குந்தியிருந்து கம்பிக்குள்ளால் உறிஞ்சினான். முடித்துவிட்டுக் கோப்பையைத் திரும்ப நீட்டினான்.

நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன். இன்னும் ஊற்றினேன்.

அவன் எழும்பிப் போகுமட்டும் பிள்ளை என் சேலைக்குப் பின்னால் நின்று, அவனுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.